சாமியின் ‘வா’, உபதேசியாரின் ‘போ’

குளச்சலுக்குத் தெற்கே, கடலை ஒட்டி ஒரு சின்ன ஊர். அங்கே பங்குச் சாமியாராக இருந்த லெயோன் சாமி யாரையாவது பார்த்து ‘வா’ என்று சொன்னால், அந்த ஆள் எழுந்து போய்விடவேண்டும். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்குச் சிரித்துச் சிரித்து அலுத்துவிட்டது. சாமி பெல்ஜியத்தில் பிறந்தவர். வீட்டில் பேசி வளர்ந்தது பிரெஞ்சு. பிரெஞ்சில் ‘வா’ என்றால் போ. அவ்வளவுதான் விஷயம். இந்த ‘அவ்வளவுதானை’ ஊருக்கு விளக்கிச் சொன்னவர் சிலுவைதாசன் உபதேசியார். சாமி சொல்வதை ஊருக்கும் ஊர் சொல்வதைச் சாமிக்கும் எடுத்துச் சொல்வதே அவருக்கு வேலை. மூட்டை தூக்குகிறவனுக்காவது மாலையானால் மூட்டையை இறக்கி வைக்கலாம். இவருக்கு அதுவும் இல்லாமல் போயிற்று.

சிலுவைதாசன் பிரெஞ்சு கற்றது பள்ளிக்கூடத்தில் இல்லை, குசினியில். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் கட்டுமரத்தில் கால் வைத்தாலே குடல் வெளியே வந்துவிடும். இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு அப்பன் என்ன செய்வான்? மீசை அரும்பும் வயதில் மய்யழிக்கு அனுப்பிவிட்டான். மலையாளக் கரையில் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த துண்டு ஊர் அது. அதற்கும் வள்ளத்தில்தான் போகவேண்டியிருந்தது. வழி நெடுக வாந்தி எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்து, ஒரு துரை வீட்டுக் குசினியில் எடுபிடியானார்.

முதல் நாளே வம்பு. துரைசாணி ‘போ’ என்றாள். இவர் போனார். அவள் கேட்டது பானை. கோபம் தலைக்கேறி ‘வா’ என்று கத்தினாள். இவர் பக்கத்தில் வந்து பவ்வியமாக நின்றார். அவள் தொலைந்து போகச் சொல்லியிருக்கிறாள். சற்றுப் பொறுத்து ‘செல்’ என்றாள். ஜெபப் புத்தகத்தில் வருகிற செல்தானே என்று இவர் மறுபடி கிளம்பினார். அவளுக்கு வேண்டியிருந்தது உப்பு. கடைசியில் ‘ஓ’ என்றாள். எங்கள் பக்கத்தில் ஓ என்றால் ஆமாம். இவரும் ‘ஓ’ என்று தலையாட்டினார். அவள் கேட்டது தண்ணீர். கரண்டிக் காம்பால் முட்டியில் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகுதான் அவருக்கு ஒன்று புரிந்தது. சத்தம் ஊருக்கு ஊர் ஒன்றாக இருக்கலாம், அதற்காகச் சத்தத்தை நம்பக்கூடாது. உப்பும் ‘செல்’தான், போவதும் செல்தான். இரண்டுக்கும் ஒன்றோடொன்று உறவும் இல்லை, பகையும் இல்லை.

சில ஆண்டுகள் அங்கே இருந்தார். அப்பனும் அம்மையும் அடுத்தடுத்துப் போனபோது ஊர் திரும்பினார். தம்பி மரியஜானை வளர்த்து ஆளாக்கவேண்டியிருந்தது. தம்பிக்குக் கடல் தாய்வீடு. அண்ணனுக்கும் சேர்த்து அவனே கடலுக்குப் போனான். அண்ணன் கலியாணம் கட்டவில்லை. தம்பிக்கு விக்டோரியா என்ற பெண்ணைக் கட்டிவைத்து, அவள் வைக்கிற கஞ்சியைக் குடித்துக்கொண்டு, கோயில் வேலைக்குப் போனார்.

அப்போதுதான் லெயோன் சாமி வந்தார். வயதானவர். பிரசங்கத் தமிழையும் ஜெபத் தமிழையும் எப்படியோ மனப்பாடம் பண்ணிவிட்டார். கடற்கரை ஆட்கள் பேசுகிற பேச்சு மட்டும் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. ஆளைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஆட்கள் பேசுவதை மதுரைக்காரன் கேட்டாலே முழிப்பான். ஆட்கள் வந்து தங்கள் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்க என்ன செய்வது? மூன்றாம் ஆள் ஒருவரை வைத்துப் பாவம் கேட்கத் திருச்சபைச் சட்டத்தில் இடம் உண்டு. மய்யழியில் பாத்திரம் கழுவிய பிரெஞ்சு கையில் இருந்ததால் அந்தப் பொறுப்பு சிலுவைதாசன் தலையில் விழுந்தது. வேதாகமத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். கேட்டதை யாருக்கும் சொல்லக்கூடாது. சொல்லாமல் ஜாடை காட்டவும் கூடாது. பாவத்தைச் சொன்ன ஆளிடமே வெளியில் வைத்து அதைப் பற்றிப் பேசவும் கூடாது. சாமியாருக்கு என்ன பூட்டோ அதே பூட்டு இவருக்கும். ஊரில் யாருக்கும் இது சரியாகத் தெரியாது. சாமியாரின் பூட்டுதான் எல்லாருக்கும் தெரிந்தது. உபதேசியார் வாய் திறக்காதது அவருடைய நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கோயிலின் பக்கத்து அறையில் சாமி நாற்காலியில் இருப்பார். பாவி முழங்காலில் நிற்பான். சிலுவைதாசன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிற்பார். ஆள் முகம் பார்க்கக்கூடாது என்பதற்காக. முகம் எதற்கு, குரல் போதாதா? எல்லாம் முடிந்தபின் சாமி இலத்தீனில் ஆசீர்வதித்து, ‘வா’ என்பார். சாமியின் ‘வா’வுக்கு என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் சிலுவைதாசன் சுவரைப் பார்த்தபடி ‘சமாதானமாய்ப் போ’ என்று தமிழில் சொல்லும்வரை ஒருவரும் எழுந்திருக்கமாட்டார்கள். தமிழில் கேட்டால்தான் பாவம் போனதாக அவர்களுக்கு நிம்மதி.

பெரிய பாவம் உள்ளவர்கள் குளச்சலுக்கு நடந்து போனார்கள். அங்கே தமிழ்ச் சாமியார் இருந்தார். சின்னப் பாவம் உள்ளவர்களும் நடக்க முடியாத கிழடுகளும் இங்கே வந்தார்கள். அதுவே சிலுவைதாசனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவருக்குத் தெரிந்த பிரெஞ்சில் விபசாரத்துக்கு வார்த்தை கிடையாது. அடுத்தவன் அடுப்பில் தன் பானையை ஏற்றினான் என்று சொல்லிவைத்தார். சாமி முதலில் அது சமையல் சண்டை என்று நினைத்து லேசான பரிகாரம் கொடுத்துவிட்டார். பொய், களவு, மாமியாருக்குச் சாபம், வலைக்குச் சூனியம், எல்லாவற்றையும் உப்பு புளி மிளகாயில் போட்டுத்தான் சாமிக்குக் கொடுத்தார். மறுநாள் அதே ஆள் சந்தியில் நின்று ஊருக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருப்பான். இவர் ஒன்றும் அறியாதவர்போல் தலையாட்டிவிட்டு நடக்கவேண்டும். நாற்பது வயதிலேயே கிழவனைப்போல் நடந்தார். மனிதர்களைப் பற்றி அதிகம் தெரிந்தவனுக்கு உறக்கம் குறைவு.

கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில், அதாவது 1924-இல், வந்த பெருவெள்ளம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்கு மறு ஆண்டு ஆடியில், கடல் கொஞ்சம் அடங்கியிருந்த ஒரு விடியற்காலம், மரியஜானும் அவன் கூட்டாளி கபிரியேலும் கட்டுமரம் இறக்கினார்கள். மத்தியானம் காற்று திரும்பியது. மறுநாள் கபிரியேல் மட்டும் ஒற்றைத் தடியைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்து விழுந்தான். முதல் அலையிலேயே கட்டு அறுந்து ஆளுக்கொரு பக்கம் ஆகிவிட்டதாகச் சொன்னான். மரியஜான் வேறு தடியைப் பிடித்துத் தெற்கே மிதந்து போவதைத்தான் கடைசியாகப் பார்த்தானாம். பிணம் ஒதுங்கவில்லை. இப்படிப் போன ஒருவனைச் சில வருஷம் முன்பு தோணிக்காரர்கள் தூக்கிக் கொழும்பில் இறக்க, அவன் ஓர் ஆண்டு கழித்துப் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றிருக்கிறான். அதனால் விக்டோரியா தாலியைக் கழற்றவில்லை. மரித்தோர் பூசையும் வைக்கவில்லை. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும்.

அடுத்த தவசுகாலம், ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்கள். சிலுவைதாசன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். பின்னால் யாரோ வந்து முழங்காலிட்டார்கள். குரல் கேட்டதும் கபிரியேல் என்று தெரிந்தது. கால் நல்ல கால், குளச்சலுக்கு நடக்கக்கூடியவன். இங்கே ஏன் வந்தான் என்று இவர் யோசிப்பதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான்.

“ஆளுக்கொரு பக்கம் போனோம்னு நான் பறஞ்சது கள்ளம், சாமி. ஒத்தத் தடிதான் கெடச்சுது. ஒரு கையில தடி, மறு கையில அவன். ரெண்டு பேரையும் அது தாங்கல்ல. தாழ்ந்து தாழ்ந்து போச்சு. நான் கைய விட்டேன். அவன் விடல்ல. நான்தான் விட்டேன். எனக்க கண்ணு முன்னால போனான்.”

கை. தண்ணீர். கனம். தாங்கவில்லை. விட்டேன். எல்லாம் குசினியில் கற்ற வார்த்தைகள். தட்டு கை நழுவினால் துரைசாணி சொல்லும் வார்த்தை கூட அதில் இருந்தது. வேறு எந்தப் பாவத்துக்கும் தடுமாறின அவருடைய பிரெஞ்சு இதற்குத் தடுமாறவில்லை. ஒரு சொல்லாவது தெரியாமல் இருந்திருக்கக்கூடாதா என்று அவருக்குத் தோன்றியது. யாருடைய கை என்று சாமி கேட்டார். இவர் அதைத் தமிழில் கேட்டார். “மரியஜான்” என்றான் கபிரியேல். பெயருக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

சாமி இவர் பக்கம் திரும்பினார். பிறகு, நீ வெளியே போகிறாயா என்று சிலுவைதாசனைத் தாழ்ந்த குரலில் கேட்டார். இவர் இல்லை என்று தலையை அசைத்தார். இவர் போனால் யார் பேசுவது? சாமி சொன்னதைச் சுவரிடம் திருப்பிச் சொன்னார். “உண்ம அந்த வீட்டுக்குப் போய்ச் சேரணும். அதுதான் ஒனக்குள்ள பரிகாரம்.” பின்னால் கபிரியேல் “ஓ” என்றான்.

சாமி ஆசீர்வதித்து ‘வா’ என்றார். சிலுவைதாசனுக்கு வாய் வரவில்லை. சாமி மறுபடி ‘வா’ என்றார். கபிரியேல் அசையாமல் முழங்காலில் நின்றான். ‘போ’ என்பது எவ்வளவு சின்னச் சொல். நாய்க்குச் சொல்கிறோம், கோழிக்குச் சொல்கிறோம். என் தம்பியைத் தண்ணீரில் விட்டவனிடம் சமாதானமாய்ப் போ என்று நான் எப்படிச் சொல்வேன் என்று நினைத்தார். தலையில் போட்டிருந்த துண்டு முகத்தில் ஒட்டிக்கொண்டது. சுவர்க் காரை பெயர்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நின்று நின்று, கால் மரத்துப்போன பிறகு, “போ” என்றார். சமாதானத்தை மட்டும் சேர்க்க முடியவில்லை.

அன்று மாலையே கபிரியேல் வீட்டுக்கு வந்து விக்டோரியாவிடம் சொல்லிவிடுவான் என்று எதிர்பார்த்தார். கபிரியேல் வந்தான். நல்ல நெய்மீன் ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனான். மறுவாரம் வாளை கொண்டுவந்தான். அதன் பிறகும் மீன்தான் வந்தது, சொல் வரவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கும் அவன் அப்புறம் இங்கே வரவில்லை, குளச்சலுக்கே போனான். சிலுவைதாசனுக்கு அவன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. கோழைப்பயல், பூட்டுப் போட்ட இடமாகப் பார்த்து அல்லவா பாவத்தைக் கொண்டுவந்து போட்டிருக்கிறான், சொன்ன புண்ணியமும் கிடைத்தது, வெளியே போகாது என்ற தைரியமும் கிடைத்தது. இப்படியே நினைத்து நினைத்து வெந்தார். எதிரில் கண்டால் “என்ன கபிரியேலே, கடல் எப்படி” என்று கேட்டார். வேறு எதைக் கேட்கலாம்?

வீட்டில் அதைவிடக் கஷ்டம். “வருவாரா, அத்தான்?” என்று கஞ்சி ஊற்றும்போதெல்லாம் விக்டோரியா கேட்பாள். “மாதாவுக்குத்தான் தெரியும், பிள்ளே” என்பார். அழுகை முட்டும். அழக்கூடாது. அழுதால் அதுவே சொன்னதாகிவிடும். தனியாகக் கடற்கரைக்குப் போய் அழுதாலும் யாராவது பார்த்து அவளிடம் சொல்லிவிடுவார்கள். பெற்ற பிள்ளைபோல வளர்த்த தம்பிக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அண்ணன் என்று ஊர் பேசியது அவர் காதிலும் விழுந்தது. விழுந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தார்.

சில வருஷம் கழிந்து குளச்சலிலிருந்து சூசைமிக்கேல் என்ற மீன் வியாபாரி விக்டோரியாவைப் பெண் கேட்டு ஆள் விட்டான். மனைவியை இழந்தவன், பிள்ளை இல்லை, நல்ல மாதிரி. விக்டோரியா இரண்டு மாதம் பதில் சொல்லாமல் இருந்துவிட்டு, “ஆளு செத்துப்போச்சுன்னு கோயில்ல பறஞ்சா எனக்குச் சம்மதம்” என்றாள். புருஷன் செத்தான் என்று நிச்சயமாகாமல் மறுகலியாணம் செய்து வைக்கச் சாமியாருக்கு அதிகாரம் இல்லை. ஆயரான மேற்றிராணியாருக்குச் சாட்சி அனுப்பவேண்டும். கடைசியாகப் பார்த்த கபிரியேல் அப்போது கொச்சியில் துறைமுக வேலைக்குப் போயிருந்தான். உயிரோடு மிதந்து போனதைப் பார்த்தேன் என்று அன்று ஊருக்கு முன் சொன்னது அப்படியே நின்றது. பாக்கி இருந்த சாட்சி அண்ணன்தான்.

லெயோன் சாமி மேசைக்கு அந்தப்புறம் உட்கார்ந்து சட்டப்படி கேட்டார். உன் தம்பி இறந்துவிட்டான் என்று உனக்குத் தெரியுமா?  விக்டோரியா வாசலில் நின்று இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் தலை வாரி, வெளுத்த சேலை கட்டியிருந்தாள்.

“எனக்குத் தெரியாது” என்றார் சிலுவைதாசன். முதலில் பிரெஞ்சில் சொன்னார். பிறகு அவளுக்காகத் தமிழிலும் சொன்னார். இரண்டு பாஷையிலும் பொருள் ஒன்றுதான்.

சாமி தலையைக் குனிந்துகொண்டார். இருவருக்கும் தெரியும், இருவரும் சொல்ல முடியாது. விக்டோரியா வீட்டுக்குப் போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு மரச்சீனி கிழங்கு சீவ உட்கார்ந்தாள். சூசைமிக்கேல் ஓர் ஆண்டு பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அதன் பிறகு அவள் வருவாரா என்று கேட்பதையும் விட்டுவிட்டாள். தாலி மட்டும் கழுத்தில் கிடந்தது. லெயோன் சாமி அந்த வருத்தத்தோடேயே செத்துப்போனார். கோட்டாற்றுப் பக்கத்திலிருந்து தமிழ்ச் சாமியார் ஒருவர் வந்தார். மூன்றாம் ஆளுக்கு இனி வேலை இல்லை. சிலுவைதாசன் மணி அடித்துக்கொண்டும் விளக்கு ஏற்றிக்கொண்டும் இருந்தார். பழைய பாவங்கள் எல்லாம் உள்ளேயே கிடந்தன.

கபிரியேல் கொச்சியிலிருந்து தலை நரைத்துத் திரும்பினான். வந்த ஆண்டு, மரித்தவர்களை நினைக்கும் சகல ஆத்துமாக்கள் திருநாள் அன்று உச்சிப்பொழுதில், பழைய வழக்கம்போல ஒரு நெய்மீனைக் கொண்டுவந்தான். சிலுவைதாசன் குசினி ஓரத்தில் உட்கார்ந்து பிலாவிலையால் கஞ்சி கோரிக் குடித்துக்கொண்டிருந்தார். கபிரியேல் மீனை வைத்துவிட்டு உடனே போகவில்லை.

“பிள்ளே, நான் ஒண்ணு கேட்டா வெசனப்படாத” என்றான். “வருசம் இத்தன ஆச்சு. மரியஜானுக்கு நீ ஒரு பூச வைக்கல்லியே. அவன் ஆத்துமா கெடந்து அலையுமில்லா?”

“உயிரோட இருக்கப்பட்ட ஆளுக்கா பூச வைக்கச் செல்லுதீரு?” என்றாள் விக்டோரியா.

கபிரியேல் அவளைப் பார்த்தான். பிறகு சிலுவைதாசனைப் பார்த்தான். 

“அண்ணன் பறயல்லியா?” என்றான்.

கையிலிருந்த பிலாவிலை கஞ்சிக்குள் விழுந்தது. அப்போதுதான் சிலுவைதாசனுக்கு எல்லாம் விளங்கியது. இவன் ஒளிப்பதற்காக வரவில்லை. சொல்வதற்காகத்தான் வந்திருக்கிறான். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல், குளச்சலுக்கு நடக்காமல், வேண்டுமென்றே இவர் நிற்கிற இடத்துக்கு வந்திருக்கிறான். உண்மை அந்த வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும் என்று சாமி சொன்னபோது, வீட்டு மூத்த ஆளே கேட்டுக்கொண்டு நிற்கிறார், சேர்ந்தாயிற்று என்று நம்பியிருக்கிறான். இத்தனை வருஷமும் இவன் கொண்டுவந்த மீனை இவள் வாங்கியதை மன்னிப்பு என்று நினைத்திருக்கிறான். இவள் தாலியோடு இருந்ததைப் பக்தி என்று நினைத்திருக்கிறான். தான் வெந்து வெந்து கோழை என்று ஏசிய ஆள், பாவம், மடையன். தானும் மடையன்.

கபிரியேல் முழங்காலில் விழுந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். இந்தத் தடவை நடுவில் யாரும் தேவைப்படவில்லை. அவள் கடைசிவரை கேட்டாள். 

“இத அன்னைக்குச் சாமியார்ட்ட பறஞ்சப்ப, இவரு நின்னாரா?” என்று கேட்டாள்.

“நின்னாரு” என்றான் கபிரியேல்.

அவள் திரும்பினாள். “இத்தன வருசமும் அறிஞ்சிட்டுதான் எனக்க கையால கஞ்சி குடிச்சியளா, அத்தான்?”

சத்தியம் இன்னும் அவிழவில்லை. சொன்னவன் எதிரிலேயே முழங்காலில் இருந்தான், ஆனாலும் ‘ஆம், கேட்டேன்’ என்று சொல்ல இவருக்கு உரிமை இல்லை. என்னைக் கட்டிப்போட்டிருந்தார்கள் பிள்ளே என்று சொல்லத் துடித்தார். அதைச் சொன்னாலும் கேட்டதாக ஒப்புக்கொண்டதாகும். தலையைக் குனிந்துகொண்டு சட்டியையே பார்த்துக்கொண்டு இருந்தார். அவள் வெகுநேரம் காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்துபோய், தாலியைத் தலைவழியாகக் கழற்றி மாடத்தில் வைத்தாள்.

மறுநாள் காலை மரியஜானுக்கு மரித்தோர் பூசை. பூசைக்கு முன்னால் இறந்தவர் பெயரை உபதேசியார்தான் உரக்க அறிவிக்கவேண்டும். சிலுவைதாசன் கோயில் நடுவில் வந்து நின்று, “மரியஜான்” என்றார். மேலே சொல்ல முடியவில்லை. ஒன்பது வருஷம் அடக்கியது உடைந்துகொண்டு வந்தது. ஊர் பார்க்க, ஒரு கிழவன் அழுகிற அழுகையா அது? காலையில்தான் பிணத்தைக் கண்டவர்போல நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். இப்போதாவது அழ விட்டார்களே என்று அழுதார்.

முன் வரிசையில் கறுப்புச் சேலையில் இருந்த விக்டோரியா எழுந்து அவர் பக்கத்தில் வந்தாள். கையைப் பிடிக்க வருகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

“நீங்க அழாண்டாம், அத்தான்” என்றாள் மெல்ல. “உங்களுக்கு அழ ஒம்பது வருசம் கெடச்சுது. எனக்கு இவரு நேத்தைக்குத்தான் செத்தாரு.”

  சிலுவைதாசன் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, பெயரை இன்னொரு தடவை தெளிவாகச் சொல்லி, மணிக்கயிற்றைப் பிடிக்கப் போனார்.